சரிபார்ப்புப் பட்டியலும் சாவுக் கணக்கும்

2017 டிசம்பரில் தாய்-சேய் நலத்தைப் பொறுத்து இரண்டு காரியங்கள் நடந்தன. மத்திய சுகாதார அமைச்சகம் ‘லக்‌ஷ்யா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளை ஆய்வு செய்து மதிப்பெண் போடுவார்கள். 70 சதவீதம் எடுத்தால் வெள்ளி, 80 எடுத்தால் தங்கம், 90 எடுத்தால் பிளாட்டினம். அதே மாதம் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஓர் ஆய்வை வெளியிட்டது. உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில், 120 அரசுப் பிரசவ மையங்களில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. பிரசவ அறையில் செய்ய வேண்டிய காரியங்களைச் செவிலியர்கள் முன்னைவிட நிறையவே செய்தார்கள், ஆனால் தாயும் சேயும் இறப்பது குறையவில்லை என்பது அதன் முடிவு.

அரசு எதை அளந்து பட்டம் கொடுக்கத் தொடங்கியதோ, அதை மட்டும் அளந்தால் போதாது என்று அந்த ஆய்வு சொன்னது. இரண்டும் அன்று ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. இன்றும் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

தாய்-சேய் நலத்தில் தலைமைப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு விமர்சனச் சிந்தனை வேண்டும் என்று எல்லாப் பயிற்சிப் பட்டறைகளிலும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது நான்கு ஸ்லைடுகளோடும் மதியச் சாப்பாட்டோடும் முடிந்துவிடுகிறது. அந்தச் சிந்தனை வேலை செய்யும்போது எப்படி இருக்கும், எந்த இடத்தில் சறுக்கும் என்று பார்க்க இந்த உத்தரப் பிரதேச ஆய்வைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ‘பெட்டர்பர்த்’ என்பது அதன் பெயர். அதை நடத்தியவர்கள் மீதும் அதன் முடிவை வாசித்தவர்கள் மீதும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை அறுவை அரங்கில் தொடங்குகிறது. அதுல் கவாண்டே என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஒரு சரிபார்ப்புப் பட்டியலைத் தயாரிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கத்தி வைப்பதற்கு முன் நோயாளியின் பெயர் சரியா, வெட்டும் இடம் சரியா, ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். டெல்லியும் அதில் ஒன்று. அறுவைக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் அறிவித்தார்கள். ஒரு தாள், ஒரு பேனா, பாதி மரணம். உலகமே மயங்கியதில் வியப்பில்லை.

அடுத்துப் பிரசவ அறை. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவப் பட்டியலில் 29 அம்சங்கள். நான்கு இடங்களில் நின்று பார்க்க வேண்டும்: தாய் உள்ளே சேரும்போது, முக்கிப் பெறுவதற்குச் சற்று முன், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், வீட்டுக்கு அனுப்பும்போது. முதலில் கர்நாடகத்தின் ஒரு மருத்துவமனையில் முன்னோட்டம் பார்த்தார்கள். அதற்குமுன் 29இல் சராசரியாக 10 காரியங்கள் நடந்த இடத்தில், பட்டியல் வந்தபின் 25 நடந்தன. ஒப்பிட வேறு மருத்துவமனை கிடையாது. இறப்பை அளக்கவும் அந்த எண்ணிக்கை போதாது. ஆனாலும் 10 என்பது 25 ஆனதைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

இங்கே நிறுத்தி ஒரு வார்த்தை. பத்திலிருந்து இருபத்தைந்துக்கு வந்ததும், நம் ஊரில் ஒரு திட்டம் மாநிலம் முழுக்கப் பரவிவிடும். சுற்றறிக்கை போகும், பயிற்சி நடக்கும், புகைப்படம் வரும். பெட்டர்பர்த் குழு அப்படிச் செய்யவில்லை. உயிர் மிஞ்சுகிறதா என்று அளந்து பார்க்காமல் விட மாட்டோம் என்றார்கள். 120 மையங்களை ஒன்றுக்கொன்று ஒத்த 60 இணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் எது பட்டியல் பெறும் என்பதைக் குலுக்கலுக்கு விட்டார்கள். பட்டியல் கிடைத்த மையங்களுக்கு எட்டு மாதம் பயிற்றுநர்கள் நேரில் போனார்கள். முதலில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. பிரசவமாகி ஏழு நாள் கழித்துத் தாயும் சேயும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். 1,57,689 தாய்மாரைச் சேர்த்ததில் 99.7 சதவீதம் பேரின் நிலை தெரிந்துவிட்டது. பீகார், உத்தரப் பிரதேசக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும். புலம்பெயர்ந்து செங்கல் சூளைக்குப் போன குடும்பம், தாய்வீட்டுக்குப் போன பெண், கைமாறிவிட்ட கைபேசி, இத்தனையையும் தாண்டி 99.7.

முடிவு இதுதான். இரண்டாம் மாதத்தில் பட்டியல் மையங்களில் 72.8 சதவீதக் காரியங்கள் நடந்தன, மற்றவற்றில் 41.7. பயிற்றுநர் போவது நின்றபின், 12ஆம் மாதத்தில், 61.7க்கு 43.9. இறப்பும் கடும் சிக்கலும் சேர்ந்த கணக்கு பட்டியல் மையங்களில் 15.1 சதவீதம், மற்றவற்றில் 15.3. தாயின் மரணத்தைத் தனியே பார்த்தாலும், சிசு மரணத்தைத் தனியே பார்த்தாலும் வேறுபாடு இல்லை.

இந்த முடிவுக்கு எத்தனையோ விளக்கங்கள் வந்தன. ஒரு தலைவரின் புத்தி எவ்வளவு கூர்மை என்பது இங்கேதான் வெளிப்படும். தனக்குப் பிடித்த திட்டம் தோற்றால் எந்த விளக்கத்தை அவர் உடனே கையிலெடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

‘சரியாகச் செய்யவில்லை, சரியாகச் செய்திருந்தால் பலித்திருக்கும்’ என்பது முதல் விளக்கம். இதற்கு ஓரளவு பலம் உண்டு. 72.8 என்பது நூறல்ல. பயிற்றுநர் வருவது நின்றதும் அதுவும் சரிந்தது. கை கழுவுவது போன்ற சில காரியங்கள் பட்டியல் மையங்களிலேயே பாதியைத் தொடவில்லை. பார்வையாளர் ஒருவர் நின்று கவனித்த பிரசவங்களில் கிடைத்த எண்கள் இவை. யாரும் பார்க்காத இரவு இரண்டு மணிப் பிரசவத்தில் இன்னும் குறைவாகவே இருந்திருக்கும். ஆனால் இந்த விளக்கத்துக்கு ஒரு தீராத நோய் இருக்கிறது: எந்தத் தோல்விக்கும் இது பொருந்தும். எட்டு மாதம் நேரில் போய்க் கற்றுக்கொடுத்தது போதாது என்றால், எந்த மாநில அரசு அதைவிட அதிகமாகச் செய்யும்? பலன் தர அவ்வளவு உழைப்பு தேவைப்படும் பட்டியலை ‘ஒரு தாள், ஒரு பேனா’ என்று விற்க முடியாது.

இதை ஆதரித்து இன்னொரு வாதமும் வந்தது. அதே ஆய்வின் தரவைப் பின்னர் வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தபோது, காரியங்கள் அதிகம் நடந்த பிரசவங்களில் சிசு இறப்பு குறைவாக இருந்தது தெரிந்தது. ஆகவே பட்டியலில் உள்ள காரியங்கள் நல்லவைதான் என்றார்கள். நல்லவைதான், யார் மறுத்தது? ஆனால் இந்த வாதம் குலுக்கலின் பலனைக் கைவிட்டுவிட்டுப் பேசுகிறது. அதிகக் காரியம் நடக்கும் பிரசவம் எது? கூட்டம் குறைந்த நேரத்தில், அனுபவமுள்ள செவிலியரிடம், சிக்கலில்லாமல் நடக்கும் பிரசவம். குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தால் யாரும் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். காரணமும் விளைவும் இங்கே இடம் மாறி நிற்கக்கூடும். குலுக்கலில் கிடைத்த ‘இல்லை’ என்ற பதிலை, குலுக்கல் இல்லாத ஒப்பீட்டில் கிடைத்த ‘ஆம்’ கொண்டு அழிக்க முடியாது.

இரண்டாவது விளக்கம், அளந்த விதம் சரியில்லை என்பது. 15 சதவீதம் என்ற கூட்டுக் கணக்கில் பெரும்பங்கு தாய்மார் தாங்களே சொன்ன சிக்கல்கள். மரணம் அதில் சிறுபங்கு. அப்படிக் கலந்தால் மரணத்தில் ஏற்பட்ட சிறு குறைவு மூழ்கிப்போகலாம் என்பது நியாயமான ஐயம். கூட்டுக் கணக்குகளைக் கண்டால் சந்தேகப்படுவது நல்ல பழக்கம்தான். ஆனால் இங்கே அது உதவாது. மரணத்தைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் பதில் மாறவில்லை. ஒன்றரை லட்சம் பேர் கொண்ட ஆய்வில் தற்செயல் மேலும் பழி போட முடியாது. இந்த விளக்கத்தைத் தள்ளிவிடலாம்.

மூன்றாவது விளக்கம்தான் கனமானது. பட்டியல் கேட்ட காரியங்களுக்கும் மரணத்துக்கும் நடுவே வேறு சில காரியங்கள் உண்டு. அவை அங்கே இல்லை.

அந்தப் பட்டியல் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முக்குவதற்கு முன் பார்க்க வேண்டிய பொருள்களில் தாய்க்கு: கையுறை, சோப்பும் தண்ணீரும், சிரிஞ்சில் ஏற்றிய 10 யூனிட் ஆக்சிடோசின். குழந்தைக்கு: சுத்தமான துண்டு, தொப்புள்கொடி கட்ட நூல் அல்லது கிளிப், கிருமிநீக்கம் செய்த பிளேடு, சளி உறிஞ்சி, மூச்சுக் கொடுக்கும் பேக்-மாஸ்க். உதவிக்கு ஓர் ஆள் தயாரா என்றும் கேள்வி உண்டு. பேக்-மாஸ்க் பக்கத்தில் இருக்கிறது, டிக். ரேஷன் கடைப் பலகையில் ‘இருப்பு’ என்று எழுதியிருப்பது போன்ற டிக் அது. மாஸ்க் பச்சிளங்குழந்தையின் முகத்துக்குப் பொருந்தும் அளவா, பை கிழிந்திருக்கிறதா, இந்தச் செவிலியர் கடைசியாக எப்போது ஒரு குழந்தைக்கு அதை அழுத்தினார் என்பதெல்லாம் தாளில் இல்லை. அழாமல் பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். அந்த நிமிடம் கையின் பழக்கத்தால் காப்பாற்றப்படுகிறது. மாதம் ஒருமுறையாவது பொம்மையில் பழகாத கைக்கு அது வராது.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். பட்டியல் வந்தபின் கூடுதலான தாய்மாருக்கு பிபி பார்த்தார்கள். பார்த்தால் மட்டும் யாரும் பிழைப்பதில்லை. 160க்கு மேல் போனது கண்ணில் பட வேண்டும், மெக்னீசியம் சல்பேட் கையிருப்பில் இருக்க வேண்டும், அதைப் போடச் செவிலியருக்கு அதிகாரமும் துணிவும் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி வேண்டும், அங்கே போனால் சேர்த்துக்கொள்ள மருத்துவர் வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் முதலில் பிபி பார்த்ததற்கு உயிர்க்கணக்கில் மதிப்பு பூஜ்யம். சராசரியாக 73 சதவீதக் காரியம் நடந்தது என்பதற்கு, 73 சதவீதத் தாய்மாருக்கு முழு வரிசையும் நடந்தது என்று பொருளில்லை. ஆய்வு நடந்த மையங்களில் பெரும்பாலானவை ஆரம்ப, சமுதாய சுகாதார நிலையங்கள். இந்தச் சிசுக்களையும் தாய்மாரையும் கொல்வது எதுவோ, அதற்கான மருந்து, சிசேரியன், ரத்தம், குழந்தை மருத்துவர் எல்லாம் பெரும்பாலும் வேறு ஊரில் இருந்தன.

அறுவை அரங்குப் பட்டியலோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே மயக்க மருத்துவர் ஏற்கெனவே இருக்கிறார், ரத்தம் இருக்கிறது, அறுவை மருத்துவர் இருக்கிறார். இருப்பவர்கள் மறந்துவிடாமல் இருக்கப் பட்டியல் உதவுகிறது. மறதிக்கு மருந்தாக வந்ததை இல்லாமைக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அந்த அறுவைப் பட்டியலின் மாயமும் நிலைக்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் பட்டியலைக் கட்டாயமாக்கியபின் இறப்பு 0.71இலிருந்து 0.65 ஆனது, புள்ளியியல்படி அது குறைவே அல்ல என்று 2014இல் ஆய்வு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் பிரசவங்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆய்வை நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டியல் எதைச் சார்ந்து வேலை செய்கிறது என்ற கேள்வி அப்போதே மேசையில் இருந்தது என்கிறேன்.

நான்காவதாக ஒரு முணுமுணுப்பும் உண்டு: ‘அமெரிக்காவில் உட்கார்ந்து நம் ஊர் நர்சுக்குத் தாள் அனுப்பினார்கள்.’ இதை விளக்கம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பயிற்றுநர்களும் களப்பணியாளர்களும் இந்தியர்கள். லக்னோவிலும் பெலகாவியிலும் உள்ள நிறுவனங்கள் பங்காளிகள். இந்த வாதம் கைதட்டல் வாங்கும், அதற்குமேல் எதையும் விளக்காது.

இனி கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்த மையங்களில் அவ்வளவு கூட்டம் ஏன் இருந்தது? 2005இல் வந்த ஜனனி சுரக்‌ஷா திட்டம்தான் காரணம். ஆஸ்பத்திரிக்கு வந்து பெற்றால் பணம். பின்தங்கிய மாநிலங்களின் கிராமத் தாய்க்கு 1,400 ரூபாய், அழைத்துவரும் ஆஷா பணியாளருக்குத் தனித்தொகை. 2005-06இல் நாட்டில் 38.7 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவம் 2015-16இல் 78.9 ஆனது. உலகில் இவ்வளவு வேகமாக மக்களின் வழக்கத்தை மாற்றிய திட்டங்கள் மிகக் குறைவு. 2004-06இல் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 254 ஆக இருந்த தாய் இறப்பு 2014-16இல் 130 ஆனது. இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்தால் வேறு சாட்சியே வேண்டாம் போலிருக்கும்.

வேண்டும். தாய் இறப்பு 1997-98இல் 398ஆக இருந்து, பணம் வருவதற்கு முன்பே 2001-03இல் 301ஆக இறங்கியிருந்தது. பெண்கள் படித்தார்கள், பிள்ளைகள் குறைந்தன, சாலை வந்தது, கைபேசி வந்தது. 2010இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, பணம் பெற்ற தாய்மாரையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு, ஆயிரம் கர்ப்பத்துக்குப் பிறப்பையொட்டிய சிசு மரணம் 3.7 குறைந்தது என்றது. ஆனால் அதே கட்டுரையில் மாவட்டம் மாவட்டமாக ஒப்பிட்டபோது அந்தப் பலன் புலப்படவில்லை. முதல் எண்ணை மட்டும் ஸ்லைடில் போட்டவர்கள் எத்தனை பேர்! ஒன்பது மாநிலங்களின் மாவட்டங்களை வைத்து 2013இல் வந்த இன்னோர் ஆய்வு, மருத்துவமனைப் பிரசவ விகிதத்துக்கும் தாய் இறப்புக்கும் தொடர்பே காணவில்லை.

தாய் இறப்பை ஆராய்வோர் மூன்று தாமதங்களைச் சொல்வார்கள்: ஆஸ்பத்திரிக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பணம் முதல் இரண்டைத்தான் தொட முடியும். மூன்றாவதை அது இன்னும் மோசமாக்கியது என்றுகூடச் சொல்லலாம். ஒரே செவிலியர், இரட்டிப்புக் கூட்டம். அந்த மூன்றாவது தாமதத்தைத் தாளால் தீர்க்க முடியும் என்று நம்பியதுதான் பெட்டர்பர்த்.

ஆக, ஜனனி சுரக்‌ஷா தவறா? இல்லை. ஏழைப் பெண்ணை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். வாசலைத் தாண்டிய எண்ணிக்கையையே வெற்றியாக அறிவித்துப் பத்தாண்டு கடத்தியது தவறு. அதற்குத் திட்டத்தை வகுத்தவர்களைவிட, மாதாமாதம் ஆய்வுக்கூட்டத்தில் அந்த ஒரு பத்தியை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டவர்கள் பொறுப்பு.

தாளும் டிக்கும் எங்குமே பலிக்காதா என்றால், பலித்த இடம் ஒன்று உண்டு. 2023இல் ‘இ-மோட்டிவ்’ ஆய்வு வெளிவந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அவர்கள் ஒரே ஒரு கொலையாளியைக் குறிவைத்தார்கள்: பிரசவத்துக்குப் பின்னான ரத்தப்போக்கு. தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. வழிந்த ரத்தம் அதில் சேரும். கண்ணால் பார்த்து ‘கொஞ்சம்தான்’ என்று சொல்லும் பேச்சே இல்லை. குறிப்பிட்ட கோட்டைத் தொட்டதும் கருப்பையைத் தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், பரிசோதனை என ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்துச் செய்ய வேண்டும். கடும் ரத்தப்போக்கு, வயிற்றைத் திறக்கும் அறுவை, ரத்தப்போக்கால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு இம்முறையைக் கையாண்ட மருத்துவமனைகளில் 1.6 சதவீதம், மற்றவற்றில் 4.3.

பெட்டர்பர்த்துக்கு வைத்த அதே உரைகல்லை இதற்கும் வைக்க வேண்டும். இதுவும் கூட்டுக் கணக்கு. அதில் பெரும்பகுதி ஒரு லிட்டருக்குமேல் போன ரத்தம். மரணத்தை மட்டும் தனியே எடுத்தால், குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல எண்ணிக்கை போதாது. இருந்தும் இதன் மேல் எனக்கு நம்பிக்கை வருவதற்குக் காரணம் உண்டு. ரத்தப்போக்கைக் கண்டுபிடித்தது மற்ற மருத்துவமனைகளில் 51.1 சதவீதம், இங்கே 93.1; முழுச் சிகிச்சை கொடுத்தது அங்கே 19.4, இங்கே 91.2; ரத்தம் போவதும் இங்கே குறைவு. காண்பது, செய்வது, விளைவு என்று மூன்றையும் அளந்து, மூன்றும் ஒரே திசையில் நகர்ந்ததைக் காட்டியிருக்கிறார்கள். கண்டதும் கொடுக்க வேண்டிய மருந்துகள் அதே அறையில் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் முதல் படி ஏறியது, நடுப்படி தெரியவில்லை, கடைசிப் படி அசையவில்லை.

நடுப்படியை யார் பார்ப்பது? இறப்பு ஆய்வுதான் அதற்கென்று இருக்கும் கருவி. தமிழ்நாடு இதில் முன்னோடி. 1990களிலேயே ஒவ்வொரு தாய் இறப்பையும் பதிவு செய்து ஆராயும் முறை இங்கே தொடங்கிவிட்டது. கிராமத்துக்குப் போய்க் குடும்பத்திடம் விசாரிப்பது, ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டைப் புரட்டுவது, கலெக்டர் தலைமையில் உறவினரையும் அழைத்துக் கேட்பது எனப் படிப்படியாக வளர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்சுகளைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது, தீவிர மகப்பேறு மையங்களைத் தாலுகா வரை கொண்டுபோனது எல்லாம் எங்கே எந்த நேரத்தில் சாகிறார்கள் என்று தெரிந்துகொண்ட நிர்வாகத்தின் முடிவுகள். 2018-20இல் உத்தரப் பிரதேசத்தில் தாய் இறப்பு 167ஆக இருந்தபோது இங்கே 54ஆக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

கேரளத்தில் அதே ஆண்டுகளில் 19. அங்கும் இறப்பு ஆய்வுதான், ஆனால் நடத்தும் விதம் வேறு. இங்கிலாந்தில் 1952லிருந்து நடக்கும் ரகசிய விசாரணை முறையைப் பின்பற்றி, கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004இல் தன் ஆய்வைத் தொடங்கியது. கேஸ் ஷீட்டிலிருந்து தாயின் பெயர், மருத்துவரின் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர் மூன்றையும் எடுத்துவிடுவார்கள். மருத்துவர்களே உட்கார்ந்து என்ன நடந்தது, எது நடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பேசுவார்கள். முடிவு புத்தகமாக வரும். தண்டனை கிடையாது.

நம் பக்கத்துக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மேசைத் தலைமாட்டில் கலெக்டர். ஒரு பக்கம் இணை இயக்குநரும் துணை இயக்குநரும். எதிரில் அன்றிரவு டூட்டியில் இருந்த நர்சும் கேஸ் ஷீட்டும். ‘ஏன் ரெஃபர் பண்ண லேட்?’ என்ற கேள்விக்கு அந்த நர்ஸ் என்ன பதில் சொல்வார்? ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி மெமோவை நினைத்துக்கொண்டு சொல்லும் பதிலில் உண்மை எவ்வளவு இருக்கும்? பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று அவ்வப்போது குறிக்க வேண்டிய வரைபடமான பார்ட்டோகிராஃப் பல இடங்களில் பிரசவத்துக்குப் பிறகு நிரப்பப்படுகிறது என்பது இந்தத் துறையில் ஊரறிந்த ரகசியம். வரைபடம் ஒழுங்காக இருக்கிறது, எனவே குறை கீழ்நிலை நிலையத்தில் என்று கூட்டம் முடியும். இதன் அடுத்த விளைவு இன்னும் மோசம்: ரிஸ்க் எடுக்க வேண்டாம் என்று எல்லாரும் எல்லாரையும் மேலே அனுப்புவார்கள், மேலே இருப்பவர் சிசேரியன் செய்வார். 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன், தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளிலும் 36. மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்குமேல் சிசேரியன் கூடுவதால் இறப்பு குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இந்தப் பெருக்கத்துக்கு அச்சம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தனியார் கட்டணம், நல்ல நேரம் பார்ப்பது, முதல் சிசேரியன் அடுத்ததற்கு வழி வைப்பது எனப் பலவும் உண்டு. ஆனால் அரசு மருத்துவமனையின் 36ஐக் கட்டணத்தால் விளக்க முடியாது.

நேர்மையாகச் சொன்னால் கேரளத்தையும் அப்படியே முன்மாதிரி ஆக்கிவிட முடியாது. அங்கே பெண் கல்வியும் தனியார் மருத்துவ வசதியும் வெகு காலமாகவே வேறு நிலை. 54க்கும் 19க்கும் உள்ள இடைவெளி முழுவதையும் ஒரு ரகசிய விசாரணைக்கு எழுதிவைத்தால், ஜனனி சுரக்‌ஷாவின் இரண்டு கோடுகளைப் பார்த்து மயங்கியவர்கள் செய்த பிழையையே செய்தவர்களாவோம். பெயர் நீக்கினால் உண்மை கூடுதலாக வரும் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தீர்ப்புக்கு வருகிறேன். பெட்டர்பர்த் பட்டியலை உயிர்காக்கும் திட்டமாக ஏற்க முடியாது. நினைவூட்டும் தாளாகப் பிரசவ அறைச் சுவரில் இருக்கட்டும். பெட்டர்பர்த் ஆய்வை, தாய்-சேய் நலத்தில் தலைமைச் சிந்தனைக்கு அண்மைக் காலத்தின் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக ஏற்கிறேன். தங்கள் சொந்தத் திட்டத்தைத் தோற்கடிக்கக்கூடிய கணக்கைத் தாங்களே முன்கூட்டி அறிவித்து, தோற்றபின் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அவர்கள் பிழை திட்டம் போடும்போது நேர்ந்தது: மறதியா, இல்லாமையா எது கொல்கிறது என்று இறப்பு ஆய்வின் வழியாக முதலில் கேட்டிருந்தால், மரணம் அசைய எவை கூட இருக்க வேண்டும் என்பது பெருமளவு தெரிந்திருக்கும்.

லக்‌ஷ்யாவின் மேல் தீர்ப்பு கடுமையானது. அது வெறும் பட்டியல் அல்ல; ஆள், இடம், உயர்சிகிச்சைப் படுக்கை எல்லாம் கேட்கிறது, அந்த வகையில் பெட்டர்பர்த்தைவிட முழுமையானது. ஆனால் உத்தரப் பிரதேச முடிவு வந்தபின்னும் பட்டம் மதிப்பெண்ணில் தொங்குகிறது. பிளாட்டினம் பெற்ற ஒரு பிரசவ அறையில் இறந்தே பிறந்த குழந்தைகள் எத்தனை, அவற்றில் உள்ளே சேர்க்கும்போது இதயத்துடிப்பு இருந்தவை எத்தனை என்ற இரண்டு எண்களை அந்தப் பட்டச் சான்றிதழிலேயே அச்சிட வேண்டும். துடிப்போடு உள்ளே வந்து துடிப்பில்லாமல் வெளியே போன குழந்தை ஒன்றுக்கும் குடும்பத்தை எவரும் குறை சொல்ல முடியாது. அது பெரும்பாலும் அந்த அறையின் கணக்கு. இரண்டாவது எண் இரண்டு ஆண்டு தொடர்ந்து குறையாத இடத்தில் பட்டத்தைத் திரும்பப் பெறலாம். அதோடு, அந்த எண்ணைக் குறைத்துக் காட்ட ‘சேரும்போதே துடிப்பு இல்லை’ என்று எழுதும் ஆசையும் உடனே வரும். ஆகவே சேர்க்கும்போது டாப்ளரில் கேட்ட துடிப்பை, தாயின் காதுக்கும் கேட்கவைத்து, நேரம் போட்டு எழுத வேண்டும் என்று அதே உத்தரவில் சேர்க்க வேண்டியிருக்கும்.